ஊசி போட்டுக் குத்தாதீங்க!
(கார்புரேட்டர் ஜெட் அடைப்பைக் குறைந்த செலவில் எடுப்பது எப்படி?)



பால்காரர், மீன்காரர், காய்கறி வியாபாரி என்று நம்ம ஊரில் வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அன்றைய வருமானம் போச்சு. "கார்புரேட்டர் அடைச்சிருக்கு, மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால் கையில் இருக்கிற காசும் போச்சு. உண்மையில் பல நேரங்களில் அடைத்திருப்பது ஒரு முடி போன்ற சின்னத் துளை மட்டும்தான். அதைச் சுத்தம் செய்ய நூறு ரூபாய்க்குள் ஆகிற பொருள்கள் போதும். ஆனால் சுத்தம் செய்கிறேன் என்று தையல் ஊசியை விட்டுக் குடைந்தால் நல்ல ஜெட்டும் கெட்டுவிடும். அது ஏன் என்பதையும், சரியான முறை எது என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எந்தெந்த வண்டியில் கார்புரேட்டர் இருக்கும்?

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பி.எஸ். 6 புகை விதி வந்தது. அதன்பிறகு வந்த புது வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலை எலெக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் அமைப்பே இருக்கிறது. அதற்கு முன் வந்த ஆர்.எக்ஸ். 100, பழைய ஸ்பிளெண்டர், பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்றவற்றில் கார்புரேட்டர்தான். இவை இன்றும் ரோட்டில் ஓடுகின்றன. புது வண்டி வாங்க வசதியில்லாதவர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் இவைதான். ஆகவே இந்தப் பாடம் இன்னும் பழசாகவில்லை.

கார்புரேட்டர் என்ன வேலை செய்கிறது?

பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து என்ஜினுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. எத்தனால் கலக்காத 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும்.

இதை ஒரு சிறு சோதனையால் புரிந்துகொள்ளலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். அதன் மேல்வாய்க்கு நேராக இன்னொரு ஸ்ட்ராவைக் கிடையாக வைத்து வேகமாக ஊதுங்கள். நிற்கிற ஸ்ட்ராவில் தண்ணீர் ஏறி, சாரலாகத் தெறிக்கும். காற்று வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. கீழே டம்ளரில் உள்ள தண்ணீர் மீது வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. அதனால் தண்ணீர் மேலே தள்ளப்படுகிறது. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

கார்புரேட்டரில் டம்ளருக்குப் பதில் அடியில் ஒரு கிண்ணம். அதில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க ஒரு மிதவை. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு இருக்கிறதே, அதே வேலைதான். ஸ்ட்ராவுக்குப் பதில் பித்தளையில் செய்த ஜெட். முக்கியமானவை இரண்டு.

1. பைலட் ஜெட்: இதை ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள். ஆக்சிலேட்டர் கொடுக்காமல் வண்டி ஐடிலில் நிற்கும்போதும், லேசாக முறுக்கும்போதும் பெட்ரோல் தருவது இது. இதன் துளை பல வண்டிகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

2. மெயின் ஜெட்: ஆக்சிலேட்டரை முக்கால் பங்குக்கு மேல் முறுக்கும்போது இதன் அளவுதான் பேசும். துளை கொஞ்சம் பெரியது.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வேகத்தில், மேலும் கீழும் போய்வரும் கூம்பு வடிவ நீடில் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது.

ஜெட் வெறும் ஓட்டை அல்ல, அது ஓர் அளவை

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. ரேஷன் கடைப் படியை யாராவது நசுக்கினால் அளவு குறையும். உள்ளே சுரண்டிப் பெரிதாக்கினால் அளவு கூடும். ஜெட்டும் அந்தப் படி மாதிரிதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஜெட்டின் துளை விட்டம் 0.40 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுற்றிலும் 0.05 மி.மீ. தடிமனுக்குப் பிசின் படிந்தால் விட்டம் 0.30 மி.மீ. ஆகிவிடும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.30-ஐ 0.40-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 9/16, அதாவது சுமார் 56 விழுக்காடு. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பெட்ரோல் போகும் வழியில் 44 விழுக்காட்டை விழுங்கிவிட்டது!

இப்போ ஊசி விஷயத்துக்கு வருவோம். ஊசி எஃகு, ஜெட் பித்தளை. எஃகு கடினமானது, பித்தளை மிருதுவானது. ஊசியை விட்டுத் திருகினால் பிசின் மட்டுமா வரும்? பித்தளையும் சேர்ந்து தேயும். 0.40 மி.மீ. துளை 0.44 ஆனால் போதும், பரப்பு 1.21 மடங்காகிவிடும். விட்டம் 10 விழுக்காடு கூடினால் வழி 21 விழுக்காடு கூடுகிறது. பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், "பாத்தியா சரியாயிடுச்சு" என்று சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் கறுப்புப் புகை வரும், பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும். அன்று மிச்சம் பிடித்த காசு ஒவ்வொரு நாளும் பெட்ரோல் பங்கில் போய்க்கொண்டே இருக்கும். அடைப்பை எடுத்துவிடலாம், தேய்ந்த பித்தளையைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

கழற்றும் முன் கண்டுபிடி

செலவில்லாத கருவி நம் கண்ணும் காதும்தான். முதலில் இவற்றைக் கவனியுங்கள்.

• சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் அணைந்துபோகிறது, ஐடிலில் நிற்கவே மாட்டேங்குது: பைலட் ஜெட்டைச் சந்தேகப்படலாம். சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. அது இருந்தால்தான் ஓடும் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

• ஐடில் நன்றாக இருக்கு, வேகம் எடுக்கும்போது இழுவை இல்லை, திணறுகிறது: மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து பெட்ரோல் சரியாக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

• கார்புரேட்டருக்குக் கீழே உள்ள டியூப்பில் பெட்ரோல் ஒழுகுகிறது: இது ஜெட் அடைப்பு அல்ல. மிதவை வால்வில் தூசி மாட்டியிருக்கும், அல்லது மிதவை ஓட்டையாகியிருக்கும்.

• சில கிலோமீட்டர் ஓடி நின்றுவிடுகிறது, டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது: மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைத் தொடவே தேவையில்லை!

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா, பிளக்கில் நெருப்புப் பொறி வருகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

எச்சரிக்கை! (இதைப் படிக்காமல் கீழே போகக்கூடாது)

பெட்ரோல் நம் ஊர் வெயிலில் மட்டுமல்ல, உறைகிற குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகவே தரையோடு ஊர்ந்து போய்த் தள்ளியிருக்கும் அடுப்பில்கூடப் பற்றும். எனவே,

• வேலையைத் திறந்த வெளியில், பகலில், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்ய வேண்டும். சமையலறை, பூஜை அறை, பீடி சிகரெட், கொசுவத்திச் சுருள் பக்கத்தில் கூடவே கூடாது.
• பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.
• டியூப்பை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சுவதும், ஜெட்டை வாயில் வைத்து ஊதுவதும் வேண்டாம். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.
• கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். துளைக்குள் அடிக்கிற பெட்ரோல் திரும்பிக் கண்ணில் தெறிக்கும்.
• அப்பா, மாமா, அண்ணன் என்று பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். 18 வயது ஆகாதவர்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூடாது. கற்றுக்கொள்வது நம் வேலை, ஓட்டிப் பார்ப்பது லைசென்ஸ் உள்ளவர் வேலை.

தேவையான பொருள்கள்

சுத்தமான பெட்ரோல் 200 மில்லி, பெயிண்ட் கடைத் தின்னர் 100 மில்லி, பழைய டூத் பிரஷ், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச், சைக்கிள் பம்ப், பழைய ஒயரிலிருந்து எடுத்த மெல்லிய செம்பு இழை, ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கண்ணாடிப் பாட்டில், வெள்ளைத் துணி, அளவாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர்கள், ஸ்பேனர், ஒரு நோட்டு, பென்சில். பெட்ரோலும் தின்னரும்தான் புதுசாக வாங்க வேண்டியவை. தெர்மகோல் கப்பில் பெட்ரோல் ஊற்றாதீர்கள், கப்பே கரைந்துவிடும்.

செய்முறை

1. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் நிற்கிறதா? பெட்ரோலைவிடத் தண்ணீர் அடர்த்தி அதிகம், அதனால் கீழே தங்கும். செம்மண் நிறத்தில் தூள் இருக்கிறதா? அது டேங்கின் துரு. ஸ்க்ரூவை மூடி, டேப்பைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். பல நேரம் வேலை இதோடு முடிந்துவிடும். செலவு சைபர்!

2. முடியவில்லை என்றால் டேப்பை மறுபடி மூடிவிட்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். மேல் மூடியோடு வரும் சிலிண்டர் போன்ற ஸ்லைடையும் நீடிலையும் துணியில் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். நீடில் வளைந்தால் தனிச் செலவு.

3. அடிக் கிண்ணத்தின் ஸ்க்ரூக்களை எடுங்கள். இறுகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் தலை வழுக்கிப் போகும். கேஸ்கெட்டைக் கிழிக்காமல் எடுத்தால் அதையே திரும்பப் போடலாம்.

4. மிதவையின் பின்னை மெதுவாகத் தள்ளி, மிதவையையும் அதன் வால்வு ஊசியையும் எடுத்து வையுங்கள். மிதவையில் உள்ள சிறு தகட்டை வளைக்காதீர்கள். பெட்ரோல் மட்டத்தை முடிவு செய்வது அதுதான்.

5. ஜெட்டின் தலையில் உள்ள கோட்டுக்கு முழு அகலத்தில் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் மட்டுமே ஜெட்டைக் கழற்றுங்கள். சின்னதை வைத்துத் திருகினால் பித்தளைத் தலை பிய்ந்துவிடும்.

6. பக்கவாட்டில் உள்ள காற்று ஸ்க்ரூவை எடுக்கும் முன், மெதுவாக உள்ளே திருகி லேசாக முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். "ஒன்றே முக்கால் சுற்று" என்பது போல. பிறகு கழற்றுங்கள். இந்த ஒரு வரி எழுதாததால் அரை நாள் வீணாகும்.

7. ஜெட்டை வானத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுத்தமான ஜெட்டில் முழு வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். பாதி நிலா மாதிரி தெரிந்தால் அடைப்பு. நம் ஆய்வகத்துக் கைலென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

எந்த அழுக்குக்கு எந்த மருந்து?

இங்கேதான் வேதியியல் கை கொடுக்கிறது. எல்லா அழுக்கும் ஒன்றல்ல.

மணலும் துருத் தூளும்: கரையாது, வெளியே தள்ளத்தான் வேண்டும். பெட்ரோலில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, சைக்கிள் பம்பால் காற்று அடித்தால் போய்விடும். பெட்ரோல் வந்த திசைக்கு எதிர்த்திசையில் அடித்தால் சீக்கிரம் வரும்.

பழுப்பு நிறப் பிசின்: வண்டி மாதக்கணக்கில் நின்றால் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசின் போல ஆகிவிடும். இது காய்ந்துவிட்டால் பெட்ரோலில் லேசில் கரையாது. தின்னரில் கரையும். ஜெட்டை மட்டும் தின்னரில் சில மணி நேரம் மூடி வையுங்கள். ரப்பர் வளையம், மிதவை, கேஸ்கெட் எதையும் தின்னரில் போடக் கூடாது. அவை உப்பிவிடும் அல்லது கரைந்துவிடும். தின்னரும் பெட்ரோல் போலவே தீப்பற்றும், அதன் ஆவியையும் சுவாசிக்கக் கூடாது.

பச்சைக் களிம்பு: தண்ணீர் தங்கினால் பித்தளையில் உள்ள செம்பு களிம்பேறும். இதற்குத் தின்னர் பயன்படாது. பாட்டி பித்தளைக் குடத்துக்குப் போடுகிற புளிதான் மருந்து! புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும். வடிகட்டிய புளித்தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் மட்டும் போட்டு, உடனே நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைக்க வேண்டும். அதிக நேரம் விட்டால் அமிலம் பித்தளையையே அரிக்கும். கார்புரேட்டர் உடம்பைப் புளியில் போடக் கூடாது, அது வேறு உலோகம்.

இவ்வளவுக்கும் பிறகு அடைப்பு இருந்தால்தான் செம்பு இழை. செம்பு பித்தளையைவிட மிருது, அதனால் ஜெட்டைக் கீறாது. துளையைவிட மெல்லிய இழையாக எடுத்து, நேராக உள்ளே விட்டு நேராக எடுங்கள். குடையாதீர்கள், திருகாதீர்கள்.

ஜெட் மட்டும் போதாது

பலர் ஜெட்டைப் பளபளப்பாக்கிவிட்டு, அது உட்கார்ந்திருந்த துளையை மறந்துவிடுகிறார்கள். வழி முழுதும் திறந்திருந்தால்தானே பெட்ரோல் போகும்? சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து, பைலட் ஜெட் இருந்த துளையில் அழுத்துங்கள். என்ஜின் பக்கத்துக் குழாயில் உள்ள குட்டித் துளை வழியே அது வெளியே வர வேண்டும். வந்தால் வழி சுத்தம். காற்று ஸ்க்ரூ துளையிலும் இப்படியே பாருங்கள். பிறகு பம்பால் காற்று அடித்து, வெள்ளைத் துணியில் என்ன விழுகிறது என்று கவனியுங்கள். துணியில் கறையே விழாத வரை திரும்பச் செய்யுங்கள்.

மறுபடி பொருத்தும்போது ஜெட்டை இறுக்கி முறுக்க வேண்டாம், உட்கார்ந்ததும் லேசாக ஒரு பிடி போதும். காற்று ஸ்க்ரூவை நோட்டில் எழுதிய சுற்றுக்கே வையுங்கள். டேப்பைத் திறந்து இரண்டு நிமிடம் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம். ஐடில் ஸ்க்ரூவை என்ஜின் சூடான பிறகுதான் சரி செய்ய வேண்டும்.

அழுக்குப் பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். பட்டறையில் பாகம் கழுவ வாங்கிக்கொள்வார்கள்.

மறுபடி அடைக்காமல் இருக்க

அழுக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த மாதமும் இதே வேலைதான். டேங்கில் துரு இருந்தால் அதைக் கழுவ வேண்டும். பெட்ரோல் டியூப்பின் நடுவில் சிறு ஃபில்டர் போட்டால் துரு ஜெட் வரை வராது. ஏர் ஃபில்டரில் கிழிசல் இருந்தால் தூசி அந்த வழியிலும் வரும்.

இன்னொரு செய்தி. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டையும், 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கும். பழைய வண்டிகளை மாதக்கணக்கில் சும்மா நிறுத்துவது இதனால் இன்னும் கெடுதல். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேப்பை மூடி, டிரெயின் ஸ்க்ரூ வழியே கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். பெட்ரோல் இல்லாத கிண்ணத்தில் பிசின் எப்படி வரும்?

நினைவில் கொள்க

• முதலில் அறிகுறி, பிறகு டிரெயின் ஸ்க்ரூ, கடைசியில்தான் கழற்றுவது.
• பிசினுக்குத் தின்னர், களிம்புக்குப் புளி, தூளுக்குக் காற்று.
• எஃகு ஊசி ஒருபோதும் வேண்டாம்.
• எண்ணியதை எழுதி வை.

சிந்தனைக்கு (விடைகளை அறிவியல் ஆசிரியரிடம் காட்டவும்)

1. ஜெட் துளையின் விட்டம் பாதியாகக் குறைந்தால் பரப்பு எத்தனை பங்காகும்?
2. வண்டி மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் திணறுகிறது, ஐடில் நன்றாக இருக்கிறது. முதலில் எந்த ஜெட்டைப் பார்ப்பாய்?
3. கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஏன் பெட்ரோலுக்கு மேலே நிற்கவில்லை?
4. உங்கள் வீட்டில் எந்தெந்தப் பொருளில் சிறு துளை ஓர் அளவையாக வேலை செய்கிறது? (கேஸ் அடுப்பைக் கவனித்துப் பார். தொடாதே!)